கல்லீரல் பரீட்சையும் காமாலை மந்திரமும்

நம் நாட்டில் ஒரு மனிதனுக்குக் கண் மஞ்சளித்து, சிறுநீர் மஞ்சளித்து, சோற்றைக் கண்டால் குமட்டல் எடுக்க ஆரம்பித்துவிட்டால், வீட்டார் முதலில் விசாரிப்பது எந்த ஊரில் காமாலைக்கு மந்திரிக்கிறவன் இருக்கிறான் என்பதைத்தான். ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொல்லுவார். ஒருவர் கையில் சூடு போடச் சொல்லுவார். ஒருவர் கண்ணில் பச்சிலைச் சாறு விடச் சொல்லுவார். ஒருவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கச் சொல்லுவார். இவ்வளவும் நடந்த பிறகு, அல்லது இவ்வளவுக்கும் நடுவில், வீட்டில் படித்த பிள்ளை ஒருவன் இருந்தால் இரத்தப் பரீட்சை ஒன்றும் செய்து காகிதம் வாங்கி வருவான். அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தபிறகு நடக்கிற கூத்தைப் பற்றித்தான் நாம் இன்று எழுத வந்தது.

காகிதத்தில் எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு வரி, எஸ்.ஜி.ஓ.டி. என்று ஒரு வரி, இன்னும் பல வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும், அதன் பக்கத்தில் இருக்கவேண்டிய அளவும் அச்சடித்திருக்கும். அளவு மீறியிருந்தால் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு ஒரு நட்சத்திரக் குறியும் வைத்திருப்பார்கள். ஜாதகத்தில் நட்சத்திரம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இந்த நட்சத்திரம் போதாதா? "கல்லீரல் போய்விட்டது" என்று வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும். நட்சத்திரம் இல்லாவிட்டாலோ, "ஒன்றுமில்லையாம்" என்று அன்று மாலையே சாராயக் கடைக்குப் போகிறவனும் உண்டு. மந்திரத்தை நம்புவது மூடத்தனம் என்று சொல்லுகிற நாம், எதை அளந்தார்கள் என்றே தெரியாமல் எண்ணை நம்புவதை மாத்திரம் பகுத்தறிவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லீரல் என்பது வலது விலாவுக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் ஓர் உறுப்பு. சர்க்கரையைச் சேர்த்துவைப்பது, பித்தநீரைச் சுரப்பது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்குகளைச் செய்வது, சாராயம் முதல் மாத்திரை வரை உள்ளே போவதையெல்லாம் மாற்றி வெளியே தள்ளுவது ஆகிய காரியங்கள் அதனுடையவை. இந்தக் காரியங்கள் விரைவாய் நடப்பதற்காக அதன் உயிரணுக்களுக்குள் நொதிகள் என்னும் கையாட்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுதான் எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும். இப்போது டாக்டர்கள் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று பெயரை மாற்றிவிட்டார்கள். நம் ஊர்க் காகிதங்களில் பழைய பெயர் இன்னும் நடமாடுகிறது. பெயர் இரண்டானாலும் சரக்கு ஒன்றே.

இந்த நொதிகளுக்கு வேலை உயிரணுவுக்கு உள்ளே. இரத்தத்தில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. உயிரணு புண்பட்டால் அவை வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. குதிரில் ஓட்டை விழுந்தால் நெல் தரையில் சிந்திக்கிடக்கும் அல்லவா? சிந்திய நெல்லை அள்ளி அளந்து பார்த்தால், ஓட்டை இருக்கிறது, இப்போது ஒழுகுகிறது, பெரிய ஒழுக்கா சிறிய ஒழுக்கா என்பது தெரியும். ஆனால் குதிருக்குள்ளே இன்னும் எத்தனை மூட்டை பாக்கி இருக்கிறது என்பதை அந்தத் தரை நெல்லைக் கொண்டு சொல்ல முடியுமா? முடியாது. கல்லீரல் நொதிப் பரீட்சை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. அது புண்ணை அளக்கிறதே ஒழிய, கல்லீரலின் பலத்தை அளப்பதில்லை.

இதனால் ஏற்படும் ஆபத்து என்னவென்றால், குதிர் காலியாகிவிட்டாலும் ஒழுக்கு நின்றுவிடும் என்பதுதான். கடுமையான காமாலையில் எஸ்.ஜி.பி.டி. மூவாயிரம் யூனிட்டில் இருந்து, சில நாளில் அய்ந்நூறுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மந்திரித்தவுடன் இறங்கிவிட்டது பார்த்தீர்களா?" என்று மந்திரக்காரன் மார்தட்டுவான். நோயாளி தெளிவாயிருந்து, பசி எடுத்து, கண் மஞ்சளும் குறைந்து வந்தால் அது நல்ல இறக்கம்தான். ஆனால் நொதி இறங்க இறங்க மஞ்சள் ஏறுகிறது, இரத்தம் உறையும் நேரம் நீளுகிறது, நோயாளி பிதற்றுகிறான் அல்லது பகலெல்லாம் தூங்குகிறான் என்றால், அந்த இறக்கம் சாவின் இறக்கம். கசிவதற்கு உயிரணு மீதியில்லை என்று அதற்குப் பொருள். எண் ஒன்றே, இறக்கம் ஒன்றே, பலன் மாத்திரம் நேர்மாறு. கல்லீரலின் பலத்தை அறிய வேண்டுமானால் அது செய்து தரும் சரக்குகளைப் பார்க்கவேண்டும். இரத்தத்தில் ஆல்புமின் எவ்வளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பவை அந்தக் கணக்குகள். காகிதத்தில் ஆல்புமின் வரியை நம்மவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உறையும் நேரப் பரீட்சையைத் தனியாய்க் கேட்டால்தான் செய்வார்கள்.

அதேபோல் பல வருஷம் குடித்துக் கல்லீரல் தழும்பாய்ச் சுருங்கிப்போனவனுக்கு எஸ்.ஜி.பி.டி. ஒழுங்கான அளவிலேயே இருக்கக்கூடும். அவனுடைய காகிதத்தில் அந்த வரியில் நட்சத்திரம் இருக்காது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டிருக்கும்.

நிற்க. கல்லீரலைப் பார்த்துப் பலன் சொல்லுவது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சுமார் நாலாயிரம் வருஷங்களுக்கு முன் பாபிலோன் தேசத்துப் பூசாரிகள் ஆட்டை வெட்டி, அதன் கல்லீரலில் உள்ள மேடு பள்ளங்களைப் பார்த்து, அரசனுக்கு வெற்றியா தோல்வியா என்று குறி சொல்லிப் பிழைத்தார்கள். அதற்குப் பாடம் படிப்பதற்காகவே களிமண்ணால் கல்லீரல் செய்து, கட்டம் கட்டமாய்க் கோடு கிழித்து, கட்டத்துக்கு ஒரு பலன் எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட களிமண் கல்லீரல் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பன்னிரண்டு கட்டம் போட்டுப் பலன் சொல்லும் நம் ஊர் ஜோசியன் அதைப் பார்த்தால் பங்காளி முறை கொண்டாடுவான்.

அந்தக் களிமண்ணைவிட இந்தக் காகிதம் எந்த விதத்தில் உயர்ந்தது என்று கேட்டால், தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் யோக்கியதை இதற்கு இருக்கிறது என்பதுதான் நம் பதில். 1954-ல் நியூயார்க்கில் லாடூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மன் என்ற மூன்று பேர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. உயருகிறது என்று வெளியிட்டார்கள். ஆம், இந்தப் பரீட்சை முதலில் புகழ்பெற்றது இருதயத்துக்காக. அடுத்த வருஷத்திற்குள் கல்லீரல் நோயிலும் அது உயருவது தெரியவந்தது. இன்று மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் டாக்டர்கள் அதைத் தேடுவதில்லை. டிரோபோனின் முதலிய அதைவிட நல்ல பரீட்சைகள் வந்தபின் பழையதைக் கைவிட்டார்கள். களிமண் கல்லீரலில் எந்தக் கட்டத்தையாவது பொய்யென்று கண்டு எந்தப் பூசாரியாவது அழித்ததுண்டா?

இனி அந்த "இருக்கவேண்டிய அளவு" என்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது வேதவாக்கல்ல. நோயில்லாதவர்கள் என்று கருதப்பட்ட பலபேரின் இரத்தத்தைப் பரீட்சித்து, மேலே நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் கீழே நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் ஒதுக்கி, நடுவில் நின்றவர்களின் அளவை ஒழுங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் நல்ல சுகமாய் இருக்கும் நாற்பது பேரில் ஒருவனுக்கு மேல் அளவு மீறித்தான் இருக்கும் என்பது கணக்கிலேயே அடங்கிக் கிடக்கிறது. ஒரே காகிதத்தில் பத்துப் பதினைந்து வரி இருந்தால், ஏதாவது ஒரு வரியில் ஒரு நட்சத்திரம் முளைப்பதில் ஆச்சரியம் என்ன? எதிர்ப்பக்கமும் உண்டு. எஸ்.ஜி.பி.டி.க்கு நாற்பது வரை சரி என்று பல பரீட்சைச் சாலைகள் போடுகின்றன. அந்த அளவை எடுத்த காலத்தில், கல்லீரலில் கொழுப்புப் பிடித்தவர்களும் சுகமானவர்கள் என்ற பட்டியலில் நுழைந்துவிட்டார்கள் என்று சொல்லி, 2002-ல் இத்தாலியில் அவர்களை நீக்கிக் கணக்கெடுத்தபோது, ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19 என்று அளவு குறைந்தது. ஆகையால் 41-க்கு நடுங்குகிறவனும் 39-க்குத் துள்ளுகிறவனும் ஒரே வண்டியில் போகிறவர்களே.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்தபின் இருபது இருபத்திரண்டு வயதுத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். எஸ்.ஜி.ஓ.டி. 140, எஸ்.ஜி.பி.டி. 70. காகிதம் கொடுத்த இடத்திலேயே ஒருவர், ஓ.டி. பி.டி.யைப்போல் இரண்டு பங்கு இருந்தால் குடிகாரன் என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் தாயார் இரண்டு நாளாய்ப் பேசுவதில்லையாம். இரண்டு பங்கு இருந்தால் சாராயத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மெய்தான். சாராயத்தால் வீங்கிய கல்லீரலில் அப்படி இருப்பது வழக்கம். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரல் சரக்கு. எஸ்.ஜி.ஓ.டி.யோ தசையிலும், இருதயத்திலும், இரத்தத்தின் சிவப்பு அணுவிலும் இருக்கிறது. நாம் அவரைக் கேட்டது ஒரே கேள்வி: "தோழரே, அந்த வாரம் உடம்பால் என்ன வேலை செய்தீர்?" புதிதாய்ப் பளு தூக்கும் பயிற்சிக்குச் சேர்ந்து அன்றைக்கு நாலாவது நாளாம்! டாக்டரிடம் இதைச் சொல்லும்படி அனுப்பினோம். அவர் தசை நொதியாகிய சி.கே. என்பதைப் பரீட்சிக்க, அது பல மடங்கு இருந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் இறங்கிவிட்டது. மூட்டை தூக்குகிறவர், பாறை உடைக்கிறவர் ஆகியோருடைய காகிதத்தை மேசைமுன் உட்கார்ந்திருக்கிறவன் காகிதத்தைப்போல் படித்தால் இப்படித்தான் பழி வந்து சேரும்.

காகிதத்தின் மற்ற வரிகளைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்பது பித்தநீர் போகும் குழாய் அடைபட்டால் ஏறும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்தும், நிறைமாதக் கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடிப் பகுதியிலிருந்தும் வந்து, நோயில்லாமலே ஏறியிருக்கும். ஜி.ஜி.டி. என்ற வரி கூடவே ஏறியிருந்தால்தான் கல்லீரல் பக்கம் சந்தேகம் திரும்பும். பிலிருபின் என்பதுதான் மஞ்சள். நொதிகள் எல்லாம் ஒழுங்காயிருந்து பிலிருபின் மாத்திரம் சற்று ஏறியிருப்பது சிலருக்குப் பிறவிச் சுபாவம். அதற்குக் கில்பர்ட் என்பவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தீங்கில்லாதது. ஆனால் பட்டினி கிடந்தால் அவர்களுக்கு மஞ்சள் ஏறும். ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் விரதமிருந்து கண் மஞ்சளித்து, அது தீர மறுபடி விரதம் நேர்ந்துகொள்ளும் பக்தர்களுக்கு இந்தச் சங்கதியைத் தெரிவிப்பது புண்ணியம்!

இனி மந்திரக்காரனிடம் வருவோம். அவன் கையில் காமாலை தீருகிறதே, அது பொய்யா என்று சிலர் கேட்கிறார்கள். தீருவது பொய்யல்ல. அவன் தீர்ப்பதுதான் பொய். நம் நாட்டில் காணும் காமாலையில் பெரும் பங்கு, மலம் கலந்த தண்ணீர் வழியாய் வரும் ஏ, இ என்னும் இரண்டு வகைக் கிருமிகளால் ஆனது. 1955 கடைசியில் டில்லியில் யமுனை ஆறு திசை மாறிச் சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட, சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது இ வகை என்பது பிற்காலத்தில் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் பரீட்சித்ததில் தெரியவந்தது. புனித யமுனை புண்ணியம் கொடுத்த இலட்சணம் அது. இந்த இரண்டு வகையிலும் பெரும்பாலோருக்கு உடம்பே கிருமியை வென்று சில வாரங்களில் நோய் தானாய் இறங்கிவிடும். இறங்கப் போகிற ஒன்றுக்கு எவன் நடுவில் வந்து வேப்பிலை ஆட்டினாலும் அவனுக்குப் பெயர். கோழி கூவிப் பொழுது விடிந்த கதைதான்.

இதற்கு மேல் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் ஜாலம் வேறு. மாம்பட்டைச் சாற்றைக் கையில் தடவி, சுண்ணாம்புத் தெளிநீரில் கழுவினால் நீர் மஞ்சளாகும். நோய் இறங்கி வந்து நீரில் நிற்பதாய் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். காமாலையே இல்லாதவன், ஏன், மந்திரக்காரனே கழுவினாலும் அதே மஞ்சள்தான் வரும். ஒரு தரம் கழுவிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டால் அதை நாம் மந்திரத்தோடு சேர்த்துத் தள்ளுவதில்லை. செடியில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பரீட்சித்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. பரீட்சித்தும் இருக்கிறார்கள். பி வகைக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற டாக்டர் பிளம்பர்க் என்பவரும், சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் முதலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அந்தக் கிருமியை நெடுநாளாய் உடம்பில் சுமப்பவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லியையும், 23 பேருக்கு மருந்தில்லாத வெறும் பொடியையும் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேருக்கும், வெறும் பொடி சாப்பிட்டவர்களில் ஒரே ஒருவருக்கும் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்று 1988-ல் லண்டன் வைத்தியப் பத்திரிகையாகிய லான்செட்டில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் வேறு ஆட்கள் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு அதை நம்பி பி வகைக் காமாலைக்காரன் சும்மா இருக்க இடமில்லை.

இதில் நம் நாட்டுக்கு ஒரு குறைவும் இல்லை. வெறும் பொடி கொடுத்தவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணினார்களே, செய்ததைப் பிறர் செய்து பார்க்கும்படி பகிரங்கமாய் எழுதினார்களே, அந்தக் காரியத்துக்காக அவர்களை நாம் பாராட்ட வேண்டும். மந்திரிக்காத நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எந்த மந்திரக்காரனாவது ஒரு நாள் எண்ணியதுண்டா? இன்னொன்று: செடி என்பதாலேயே தீங்கில்லை என்று நினைக்கக்கூடாது. சீந்தில்கொடிக் கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் புண்பட்டு நொதி ஏறியதை 2021-ல் பம்பாய் டாக்டர்கள் வெளியிட்டார்கள். மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். காசத்துக்குக் கொடுக்கும் மருந்தும், காய்ச்சல் மாத்திரையாகிய பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்குவதும் கல்லீரலைப் புண்ணாக்கும். எது உள்ளே போனது என்பதை டாக்டரிடம் மறைத்துவிட்டு எண்ணை மாத்திரம் காட்டுவதில் பிரயோஜனமில்லை.

பி வகைதான் இதில் மிகவும் பொல்லாதது. தாயிடமிருந்து பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது உடம்பில் நிலையாய்த் தங்கிவிடும். பல வருஷம் கண் மஞ்சளிக்காது. நொதிகூட ஏறாமல் இருக்கலாம். பின்னால் கல்லீரல் சுருங்கும், அல்லது புற்று வைக்கும். 2022-ல் உலகத்தில் 25 கோடிக்கு மேற்பட்டவர்களும், இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேரும் இதைச் சுமந்திருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. இவர்களைக் கண்டுபிடிக்க எஸ்.ஜி.பி.டி. போதாது. எச்.பி.எஸ். ஆன்டிஜென் என்று தனிப் பரீட்சை இருக்கிறது. 2018-ல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தின்படி அதற்கும் அதன் வைத்தியத்துக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காசில்லை. குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசியும் இலவசம். இது இரத்தத்தின் வழியாய்ப் பரவுகிற கிருமி என்பதையும் நினைத்துக்கொண்டு, ஒரே ஊசியாலும் ஒரே கத்தியாலும் ஊரார் உடம்பையெல்லாம் கீறி மருந்து வைக்கிறவனைப் பற்றி என்ன சொல்லுவது என்று தோழர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எனவே காகிதம் கைக்கு வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டியவை இவை: இந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா, எப்போது மறுபடி பார்க்கவேண்டும்? ஆல்புமினும் இரத்தம் உறையும் நேரமும் எப்படி? பி, சி பரீட்சை செய்தாயிற்றா? நான் சாப்பிடும் மருந்து, கஷாயம், சாராயம், செய்யும் வேலை ஆகியவற்றில் எது காரணமாய் இருக்கக்கூடும்? கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரும் இருக்கிறார். அவருக்கும் பூசாரிக்கும் சட்டைதான் வித்தியாசம். வேறு டாக்டரிடம் போகலாம்.

ஒரு விஷயத்தில் மாத்திரம் மறு பரீட்சைக்கும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால், அது இ வகையாய் இருந்து மாதமும் கடைசி மூன்றில் ஒன்றாய் இருக்குமானால், நூற்றுக்கு இருபது இருபத்தைந்து பேர் வரை சாகக்கூடும். எண் என்னவாயிருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மாமியார் மந்திரித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மந்திரக்காரனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அவன் மந்திரித்துக்கொண்டிருக்கட்டும். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை.